'சோம்பேறி எஸ்' வேண்டாம்: கௌபாய் கதைகளைத் தமிழாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கௌபாய் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர்கள், பதிப்பாசிரியர்கள், டப்பிங் வசனம் எழுதுவோர் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் நன்றி. முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் காமிக்ஸ் 1984-இலும் சிவகாசியிலிருந்து புறப்பட்டன. டெக்ஸ் வில்லருக்கும் கேப்டன் டைகருக்கும் லக்கி லூக்குக்கும் தமிழில் மூன்று தலைமுறை வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள் என்றால், பெரிய லாபம் இல்லாத வேலையை விடாமல் செய்தவர்கள்தான் காரணம். டெக்ஸுக்கு வைத்த 'இரவுக் கழுகார்', அவருடைய தோழர் கிட் கார்சனுக்கு வைத்த 'வெள்ளிமுடியார்' போன்ற பெயர்களைச் சொன்னாலே முகம் மலரும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை ஆக்கிய கைகள் மேல் உள்ள மரியாதையோடுதான் இதை எழுதுகிறோம். குறை சொல்லப் போவது தனியொரு நிறுவனத்தையோ ஆளையோ அல்ல. காமிக்ஸ், நாவல், டப்பிங் படம், ஓடிடி சப்டைட்டில் என்று எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற சில தவறுகளை மட்டும் எடுத்துச் சொல்கிறோம்.

இந்தக் கதைகள் ஏன் இன்னும் சாகவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உண்மையான கௌபாய் காலம் மிகக் குறுகியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்சாஸில் கேட்பாரற்றுப் பெருகிக் கிடந்த மாடுகளை வடக்கே ரயில் வரும் ஊர்களுக்கு ஓட்டிப்போகும் வேலை அதன் பிறகுதான் சூடுபிடித்தது. 1867-இல் கான்சாஸின் அபிலீன் ஊரில் மாட்டுச் சந்தை திறந்தது. 1874-இல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார்; திறந்த மேய்ச்சல் நிலம் துண்டு துண்டாக அடைபடத் தொடங்கியது. 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியேற்ற எல்லைக்கோடு என்று இனி ஒன்றைக் காட்ட முடியாது என்றது. கூட்டிப் பார்த்தால் 25 ஆண்டுகள். அதை வைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுக்கக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னவர்களில் பலர் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை. டெக்ஸ் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக் 1946-இல் பெல்ஜியத்தில். ஜெர்மானியரான கார்ல் மே, அமெரிக்கா பக்கம் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அப்பாச்சி வீரனைப் பற்றி எழுதி ஊரையே மயக்கிவிட்டார்.

துப்பாக்கிச் சண்டைதான் காரணம் என்றால் போர்க்கதைகள் இதைவிட அதிகம் ஈர்த்திருக்க வேண்டும். எங்கள் கணிப்பு வேறு. உதவி வந்துசேர மூன்று நாள் ஆகும் இடத்தில் ஒரு மனிதன் நிற்கிறான். கையில் இருப்பது ஒரு குதிரை, ஒரு கயிறு, ஒரு துப்பாக்கி, ஒரு குடுவைத் தண்ணீர். அவன் யார் என்பதை அவன் பேச்சு காட்டாது. அந்தப் பொருள்களை அவன் எப்படிக் கையாள்கிறான் என்பது காட்டிவிடும். அதனால் கௌபாய் கதையில் பொருளும் தூரமும் கணக்கும் வெறும் அலங்காரமாக இருப்பதில்லை, கதையே அவற்றில்தான் ஓடுகிறது. அவை தமிழில் மங்கிப்போனால் மிச்சம் இருப்பது தொப்பி மட்டுமே.

துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வர், அந்தக் காலத்துக் கதைகளில் பாதிப் பேர் இடுப்பில் தொங்குவது. அதில் விசையை மட்டும் அழுத்தினால் சுடாது. ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் பின்பக்கச் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அப்போது 'க்ளிக்' என்று சத்தம் வரும். கதையில் இது ஒரு தனி நிகழ்வு: சுத்தியை இழுத்துவிட்டுச் சுடாமல் காத்திருப்பதுதான் எச்சரிக்கை. அந்த இடத்தில் 'விசையை அழுத்தினான்' என்று எழுதினால், அவன் சுடுவதற்கு முன்பே சுட்டுவிட்டதாக ஆகிறது. அடுத்த கட்டத்தில் எதிராளி உயிரோடு நின்று பேசுவான். வாசகன் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். துப்பாக்கியின் இந்த உறுப்புக்குத் தமிழ் அகராதிகளில் 'குதிரை' என்றே ஒரு பெயர் உண்டு. அருமையான சொல்தான், ஆனால் நிஜக் குதிரை பக்கத்துக்குப் பக்கம் ஓடும் கதையில் அது குழப்பும். 'சுத்தி' போதும்.

அதே கோல்ட்டில் ஆறு அறைகள் இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். சுத்தியின் மூக்கு நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் உட்காரும் அமைப்பு அது. துப்பாக்கி கீழே விழுந்தாலோ, சேணம் ஏற்றும்போது அதில் தொங்கும் கால்வளையமான அங்கவடி வந்து சுத்தியில் இடித்தாலோ வெடித்துவிடும். குண்டு பாய்வது பெரும்பாலும் சொந்தக் காலில். ஆகவே ஒரு தோட்டா போட்டு, ஓர் அறையை விட்டு, நான்கு போட்டு, சுத்தியைக் காலி அறை மேல் மெல்ல இறக்கி வைப்பார்கள். 'ஐந்துதான் இருக்கிறது' என்று மூலத்தில் இருப்பதைப் பிழை என்று நினைத்து ஆறாகத் திருத்திவிடாதீர்கள். வாசகர்கள் 'டுமீல்' எண்ணுகிறவர்கள்.

கதை நடக்கும் ஆண்டையும் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போர்க் கதை என்றால் பெரும்பாலும் உலோகத் தோட்டா என்ற ஒன்றே ரிவால்வரில் இருக்காது. ஒவ்வோர் அறையிலும் கருமருந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் இடித்து இறக்கி, மேலே கொழுப்புப் பூசி, பின்புறம் செப்புத் தொப்பி மாட்ட வேண்டும். கொழுப்புப் பூசாவிட்டால் ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்கும் பரவி இரண்டு மூன்று ஒன்றாக வெடிக்கலாம். ஆறு அறையையும் நிரப்பச் சில நிமிடங்கள் ஆகும். இரண்டு மூன்று ரிவால்வர்களை அவர்கள் சுமந்தது பகட்டுக்காக அல்ல, நடுச் சண்டையில் நிரப்ப நேரம் கிடைக்காது என்பதால்தான். 1863-இல் நடக்கும் காட்சியில் 'தோட்டா பெல்ட்டில் இருந்து ஆறு குண்டுகளை உருவிப் போட்டான்' என்று தமிழில் சேர்த்தால் காலமே புரண்டுவிடும். கருமருந்து என்றால் வெண்புகையும் உண்டு. நாலு பேர் நாலு முறை சுட்டால் அறைக்குள் எதிரே நிற்பவன் தெரிய மாட்டான். புகை மறைத்தது என்று மூலத்தில் ஒரு வரி இருந்தால் அதை இடநெருக்கடிக்காக வெட்ட வேண்டாம். அடுத்த பக்கத்தில் ஒருவன் தப்பிப்பதே அதனால்தான்.

அடுத்தது மாடு. இதில்தான் தமிழுக்குப் பெரிய வசதி இருக்கிறது, இதில்தான் அதிகம் தவறவிடுகிறோம். ஆநிரை கவர்வதற்கு வெட்சி என்றும் மீட்பதற்குக் கரந்தை என்றும் திணை வகுத்து, மீட்கப் போய் மாண்டவனுக்கு நடுகல் நட்ட மொழி இது. மாட்டுத் திருட்டைச் சுற்றிச் சுழலும் ஒரு கதை நமக்கு எப்படி அந்நியமாகும்? பட்டி, கிடை, மந்தை, சூட்டுக்குறி, செவலை, மயிலை எல்லாம் நம்மிடம் உயிரோடு இருக்கின்றன. இரவில் மாடுகளைப் படுக்கவைக்கும் இடத்தைக் 'கிடை' என்று சொன்னால் ஒரே சொல்லில் வேலை முடிந்தது. செம்பழுப்பு உடலும் அதே நிறப் பிடரியும் கொண்ட குதிரையைச் 'செவலைக் குதிரை' என்றால் தெளிவாகத் தெரியும். ஆனால் ஓர் எல்லை வேண்டும். மந்தையை நடத்திச் செல்பவனைக் 'கீதாரி' என்று எழுதக்கூடாது என்பது எங்கள் எண்ணம். அந்தச் சொல்லோடு இராமநாதபுரமும் ஆட்டுக்கிடையும் ஒரு முழு வாழ்க்கையும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. 'மந்தைத் தலைவன்' என்று நிறுத்திக்கொள்ளலாம்.

தலைப்பில் சொன்ன 'சோம்பேறி எஸ்' இங்கேதான் வருகிறது. பண்ணைகளுக்குப் பெயரே அவற்றின் சூட்டுக்குறிதான். அதைப் படிக்க ஒரு முறை உண்டு: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. எழுத்து பக்கவாட்டில் படுத்திருந்தால் அதை 'லேசி' என்பார்கள். எழுத்துக்குக் கீழே வளைகோடு இருந்தால் ஆடுவது, இறக்கை இருந்தால் பறப்பது, கிடைக்கோடு இருந்தால் 'பார்'. ஆகவே 'லேசி எஸ்' பண்ணையில் சோம்பேறி யாரும் இல்லை. அது 'படுத்த எஸ்'. பெயர் மட்டும்தானே என்று விட்டுவிட முடியாது, கதையின் முடிச்சு பல நேரம் அந்த வடிவத்திலேயே இருக்கும். 'சி'யின் வாயை அடைத்தால் 'ஓ' ஆகிவிடும். திருடன் அதற்காக நுனி வளைந்த ஒரு சூட்டுக்கோல் வைத்திருப்பான். பண்ணைக்கென்று வடித்த முத்திரைக் கோல் போல் இல்லாமல், பேனா மாதிரி எந்தக் குறியையும் இதனால் இழுத்து எழுதலாம். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: ஒருவனுடைய சேணப்பையைத் துழாவுகிறார்கள், ஒரு சிறு கம்பி வெளியே வருகிறது, சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், ஒருவன் கயிற்றை அவிழ்க்கிறான். தமிழில் 'பையில் இரும்புக் கம்பி இருந்தது' என்று மட்டும் இருந்தால் அவனை ஏன் தூக்கில் போடப் போகிறார்கள் என்றே புரியாது. 'குறி மாற்றும் சூட்டுக்கோல்' என்று மூன்று சொல் போதும், முழுக் காட்சியும் நின்றுவிடும்.

மாடு ஓட்டும் பயணத்தைப் பற்றி இன்னொன்று. சுமார் 2,500 மாடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதினைந்து மைல். அதற்கு மேல் விரட்டினால் மாடு இளைத்து விலை போகாது. முன்னால் இருவர் வழிகாட்ட, பக்கங்களில் சிலர் அணைத்து வர, கடைசியில் வருபவர்கள் புழுதி தின்பார்கள். கழுத்துத் துணியை மூக்குக்கு மேல் கட்டுவது அந்தப் புழுதிக்காகத்தான், அந்த இடம் பெரும்பாலும் புதிய பையன்களுக்குத்தான். 'கடைசியில் வா' என்று ஒருவனிடம் சொல்வது ஒரு தண்டனை. இது மொழிபெயர்ப்பில் தெரிய வேண்டும்.

இரவுக் காவலில் இருவர் எதிரெதிர்த் திசையில் கிடையைச் சுற்றி வருவார்கள், மெல்லப் பாடிக்கொண்டே. தமிழில் இது பல தடவை 'உல்லாசமாகப் பாடினான்' என்று ஆகிவிடுகிறது. உல்லாசம் எதுவும் இல்லை. இருட்டில் ஓர் உருவம் சட்டென்று முளைத்தால் மாடு மிரளும். பாட்டுச் சத்தம், ஆள் எங்கே இருக்கிறான் என்பதை மாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. குதிரையின் நடைக்கு ஏற்ற மெதுவான தாளம், பல நேரம் தேவாலயப் பாடல்கள். பாட்டு நின்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று பொருள். ஒரு மின்னல், ஒரு தீக்குச்சி உரசல், ஒரு சுள்ளி முறியும் சத்தம் போதும், 2,500 மாடும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடும். அவற்றின் பின்னால் ஓடிப் பயனில்லை. முன்னால் ஓடும் மாடுகளை ஒரு பக்கமாக நெருக்கி வளைத்து வளைத்து, கூட்டத்தைத் தனக்குள்ளேயே சுழலவைக்க வேண்டும். இருட்டில், வளை நிறைந்த தரையில், நாலுகால் பாய்ச்சலில் அதைச் செய்ய வேண்டும். 'மாடுகளை விரட்டிப் பிடித்தார்கள்' என்று எழுதும்போது இவ்வளவும் போய்விடுகிறது.

குதிரைக்கும் கணக்கு உண்டு. நடையில் மணிக்கு நாலு மைல், பாய்ச்சலில் இருபத்தைந்துக்கு மேல், ஆனால் பாய்ச்சல் இரண்டு மூன்று மைலுக்குத்தான் தாங்கும். நாள் முழுக்கப் போனால் முப்பது நாற்பது மைல். 1860-61-இல் போனி எக்ஸ்பிரஸ் தபாலை வேகமாகக் கொண்டுபோக முடிந்தது பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை குதிரையை மாற்றியதால். மைலைக் கிலோமீட்டராக்கும்போது எண்ணை மாற்ற மறந்தால் துரத்தல் காட்சியின் தர்க்கமே கவிழ்ந்துவிடும்; மைலை மைலாகவே விட்டுவிடுவது நல்லது. சேணமும் அப்படித்தான். குதிரை பெரும்பாலும் பண்ணையுடையது, சேணம்தான் ஆளுக்குச் சொந்தம். மாதச் சம்பளம் 30, 40 டாலர். நல்ல சேணத்தின் விலை அதற்குக் குறையாது. 'அவன் சேணத்தை விற்றுவிட்டான்' என்று ஒரு பாத்திரம் சொன்னால், அவன் கதை முடிந்தது, இனி எழ மாட்டான் என்று அர்த்தம். அதைப் பழைய சாமான் விற்ற செய்தியாக எழுதிவிடுகிறோம்.

சில சொற்கள் தமிழில் வேறு வீட்டுக்குப் போய்விட்டன. 'சலூன்' என்றால் நமக்கு முடிவெட்டும் கடை. 'இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தான், எல்லோரும் எழுந்து நின்றார்கள்' என்று படிக்கும் புது வாசகன் திகைக்காமல் என்ன செய்வான்? 'மதுக்கடை' என்று எழுதலாம். 'ஷெரீஃப்' அப்படியே இருக்கட்டும். சென்னையில் முன்பு இருந்த கௌரவப் பதவியோடு யாரும் இப்போது குழப்பிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஷெரீஃபையும் மார்ஷலையும் ரேஞ்சரையும் பிங்கர்ட்டன் ஆளையும் ஒரே 'போலீஸ் அதிகாரி'யாக ஆக்காதீர்கள். ஷெரீஃப் ஒரு கவுண்டிக்கு, அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிக்கு, வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர். கவுண்டி எல்லையில் அவர் அதிகாரம் நிற்கும். அமெரிக்க மார்ஷல் மைய அரசின் ஆள். ஊர் மார்ஷல் ஊர்ச்சபை சம்பளத்தில் இருப்பவர். ரேஞ்சர் டெக்சாஸ் மாநிலத்தவர். பிங்கர்ட்டன் தனியார் துப்பறியும் நிறுவனம், ரயில் கம்பெனி காசு கொடுத்தால் வருவார்கள். கொள்ளையன் ஆற்றைத் தாண்டியதும் ஷெரீஃப் ஏன் குதிரையை நிறுத்திப் பல்லைக் கடிக்கிறார் என்பது இதில்தான் இருக்கிறது. அவர் பின்னால் வரும் கூட்டமும் போலீஸ் படை இல்லை. மளிகைக்கடைக்காரர், லாடம் அடிப்பவர் என்று அன்று காலை கூட்டிய ஊரார் படை. இரண்டாம் நாள் மாலை ஒவ்வொருவராகத் திரும்பிப் போவது அதனால்தான்.

இப்போது மிக முக்கியமானது. பூர்வகுடிகளைச் 'செவ்விந்தியர்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டுவதைக் குறைக்க வேண்டும். மூலத்தில் அப்பாச்சி, நவஹோ, கொமாஞ்சி, லகோட்டா என்று இருந்தால் தமிழிலும் அதுவே வேண்டும். தோல் கூம்புக் கூடாரம் சமவெளி மக்களுடையது. நவஹோக்கள் மரமும் மண்ணும் கொண்ட 'ஹோகன்' வீட்டில் வாழ்ந்தவர்கள், அதன் வாசல் கிழக்கு பார்த்திருக்கும். அப்பாச்சிகளின் வீடு கொம்புகளை வளைத்துப் புல் வேய்ந்தது. மூன்றையும் 'குடிசை' என்றால் மூன்று நாடுகள் ஒன்றாகின்றன. அதைவிட வருத்தம் தருவது கொச்சைத் தமிழ். வெள்ளைக்காரனிடம் தெரியாத மொழியில் திக்கும்போது 'நான் பார்த்தது, நீ போவது' என்று எழுதலாம். தம் மக்களோடு தம் மொழியில் பேசும் தலைவர் ஏன் அப்படிப் பேச வேண்டும்? அங்கே அவருக்கு நல்ல, முழுமையான தமிழைக் கொடுங்கள்.

கிட் கார்சன் பற்றி ஒரு குறிப்பு. காமிக்ஸின் வெள்ளிமுடியார் நவஹோக்களின் நண்பர். அதே பெயர் கொண்ட நிஜ மனிதர் 1863-64-இல் நவஹோக்களுக்கு எதிரான படையெடுப்பை நடத்தியவர். பயிர்கள் எரிக்கப்பட்டன, ஆட்டு மந்தைகள் அழிக்கப்பட்டன. பட்டினியால் சரணடைந்த ஆயிரக்கணக்கானோர் சுமார் 300 மைல் நடத்திச் செல்லப்பட்டு நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோவில் அடைக்கப்பட்டார்கள். 1868 ஜூன் 1-இல் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே ஊர் திரும்பினார்கள். கதையை மாற்றச் சொல்லவில்லை. ஒரு சிறப்பிதழின் பின்பக்கத்தில் பத்து வரி போட்டால் போதும். படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும்.

பெயர் உச்சரிப்பு சின்ன விஷயம்தான், சட்டென்று முடிக்கிறோம்: ஆர்க்கன்சா, டூசான், ஷையான், சூ, ஹுவான், ஹோசே, கேன்யன் டி ஷே. எழுத்தைப் பார்த்து 'டக்சன்' என்றும் 'சியோக்ஸ்' என்றும் எழுத வேண்டாம்.

டப்பிங் எழுதுவோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கௌபாய் படத்தில் மௌனமும் எழுதப்பட்ட வசனம்தான். நாயகன் முதுகைக் காட்டி நிற்கிறான், உதடு தெரியவில்லை என்பதற்காக அங்கே 'டேய், யாருகிட்ட வச்சுக்கறே' என்று ஒரு வரியைச் செருகாதீர்கள். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் 1968 படமான 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். காற்றாலை கிரீச்சிடுகிறது, தொப்பி மேல் தண்ணீர் சொட்டுகிறது, முகத்தில் ஈ ஊர்கிறது. அந்தச் சத்தங்கள்தான் காட்சி. இசையும் ஒலியும் அடங்கிய தனித்தடத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காமல் ஸ்டூடியோவில் ஒலியைப் புதிதாகச் சேர்க்க வேண்டி வந்தால், இசையைப் போட்டு மூடுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன சத்தம் இருந்தது என்று ஒரு பட்டியல் எடுங்கள்.

காமிக்ஸில் வசன பலூனுக்குள் இருக்கும் இடநெருக்கடி எங்களுக்குத் தெரியும். இத்தாலிய வரியைத் தமிழாக்கினால் எழுத்து இடம் அதிகம் கேட்கும், எழுத்தைப் பொடியாக்கினால் கண் வலிக்கும். வெட்ட வேண்டியதுதான். ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 'அடேய் அயோக்கியப் பதரே', 'ஆஹா', 'நண்பா' இவற்றை முதலில் எடுங்கள். மைலையும் தோட்டா எண்ணிக்கையையும் ஆற்றின் பெயரையும் கடைசி வரை விடாதீர்கள்.

கையெழுத்துப் பிரதி தயாரானதும் ஒரே ஒரு முறை, வேறெதையும் பார்க்காமல் இவற்றை மட்டும் சரிபாருங்கள்: கதை நடக்கும் ஆண்டு, ஊர், அந்த ஆண்டில் அந்தத் துப்பாக்கி இருந்ததா, ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குதிரை அத்தனை நேரத்தில் போகுமா, துரத்துபவனுக்கு அங்கே அதிகாரம் உண்டா. நூறு பக்கக் கதைக்கு அரை நாள் வேலை. அதற்கு ஆள் இல்லை என்றால் அச்சுக்குப் போகும் முன் படித்துத் தர எங்களில் பலர் காத்திருக்கிறோம். ஊதியம் வேண்டாம், பெயர் போட வேண்டாம். முதலில் மறுபதிப்புக்கு எடுத்துவைத்திருக்கும் பழைய கதைகளை அனுப்புங்கள். அவற்றில்தான் 'சலூன்'களும் 'சோம்பேறி எஸ்'களும் அதிகம்.

அன்புடன்,
கௌபாய் கதைகளின் தமிழ் வாசகர்கள் சிலர்